ஏத்தியாச்சோ அக்கா

உக்ரேன்மீது படையெடுப்புத் தொடங்கிய நாளிலிருந்து எங்கள் வேலையிடத்துச் சாப்பாட்டு அறையின் தொலைக்காட்சி செய்தியை விட்டு வேறு எதற்கும் மாறியதில்லை. ஒரு மதியம், கனடா அந்த நாட்டுக்குக் கவசவாகனங்கள் கொடுக்கப்போகிறது என்று அறிவித்தார்கள். மேசைகளில் இருந்த எல்லோரும் ஆரவாரம் செய்தோம். யாரோ விசிலடித்தார்கள். அக்கா வாயில் இருந்த புட்டை விழுங்கிவிட்டு, கையை உயர்த்தி எங்களை அடக்கினார்.

"ஏத்தியாச்சோ?"

"என்னக்கா?"

"வாகனத்தைக் கப்பலில ஏத்தியாச்சோ எண்டு கேக்கிறன்."

"இப்பதானே அறிவிச்சிருக்கினம்."

"அப்ப ஏன் துள்ளுறியள்? ஆனை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே எண்டுவினம். உவையின்ர மணி மாசக்கணக்காக் கேக்குது, ஆனையைக் காணேல்ல."

அவருக்கு அப்பா அம்மா வைத்த நல்ல பெயர் ஒன்று இருந்தது. அதை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. எங்கள் எல்லோருக்கும் அவர் ஏத்தியாச்சோ அக்கா. அவருக்கும் அது தெரியும்.

வேலையிடம் கனடாவின் மிசிசாகா நகரில், விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சரக்குக் கிடங்கு. விமானத்தில் போகிற பெட்டிகளை அலுமினியத் தட்டுகளில் அடுக்கி, மேலே வலைபோட்டு இறுக்கிக் கொடுப்பது எங்கள் பகுதி. அதற்கு அக்கா பொறுப்பு. நான் அவருக்குக் கீழே ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினேன். அக்காவுக்கு ஐந்தடிக்குக் குறைவான உயரம், ஒன்றுக்கு மேல் ஒன்றாக இரண்டு சுவெற்றர், இடுப்பில் செருகிய, பெட்டிகளுக்கு ஒட்டுநாடா ஒட்டுகிற கருவி. நாங்கள் இறுக்கி முடித்த வலையை வந்து இரண்டு கையாலும் பிடித்து, ஒரு காலைத் தட்டில் ஊன்றி, உடம்பு முழுவதையும் பின்னுக்குச் சாய்த்துத் தொங்குவார். ஒரு விரல் அளவு இளகினாலும் முழுவதையும் அவிழ்க்க வேண்டும். அவர் அந்தப்பக்கம் போனதும் நாங்கள் சொன்ன சொற்களை எழுத முடியாது. அதில் பாதி நான் சொன்னது.

யார் எதைச் சொன்னாலும் நம்பமாட்டார். சாமான் வந்து இறங்கினால்தான் நம்புவார். கலியாண வீட்டில் "மாப்பிள்ளை வீட்டார் வந்துகொண்டிருக்கினம்" என்றால், "ஹைவேயில எந்த எக்சிற்றில நிக்கினம்?" என்று கேட்கிற மனுசி. என் மனைவிக்கு விசா கிடைத்த அன்று நான் கிடங்கு முழுவதற்கும் ரோல்ஸ் வாங்கிக் கொடுத்தேன். எல்லோரும் கைகுலுக்கினார்கள். அக்கா ஒரு ரோல்ஸ் எடுத்தார், சாப்பிட்டார், இன்னொன்றும் எடுத்தார், வாழ்த்து மட்டும் சொல்லவில்லை.

"பிளேனால இறங்கட்டும், அப்ப வாழ்த்துறன்."

எனக்கு வந்த கோபத்தில் இரண்டு நாள் அவரோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. மனைவி வந்த அன்று, நெடுஞ்சாலை நெரிசலில் மாட்டி விமான நிலையத்துக்கு முக்கால் மணி நேரம் பிந்திப் போய்ச் சேர்ந்தேன். வருகை வாசலில் என் மனைவிக்குப் பக்கத்தில் மஞ்சள் வேலையங்கியோடு அக்கா நின்றார், கையில் தேத்தண்ணிப் பிளாஸ்க். நான் எல்லோருக்கும் காட்டித் திரிந்த படத்தை வைத்து ஆளைப் பிடித்திருக்கிறார். "இறங்கியாச்சு. இப்ப வாழ்த்துறன், நல்லா இரு" என்று என் தலையில் கைவைத்தார். நான் அந்த இடத்திலேயே அழுதேன். மனைவி என்னைப் பார்க்காமல் அவரைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள். இப்போது அக்கா வேலையை விட்டு மகளோடு அஜக்ஸ் பக்கம் போய்விட்டார். வீட்டுக்கு வாருங்கள் என்று நான் கூப்பிட்டால் என் மனைவியிடம் அவர் கேட்கிற முதற்கேள்வி, "சோறு இறக்கியாச்சோ?" என்பதுதான்.

எங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினர் ஒருமுறை ஸ்காபரோவில் நவராத்திரி விழாவுக்கு வந்தார். பொன்னாடை போர்த்தினோம். எவ்வளவு காலம் தேவையோ அவ்வளவு காலமும் உக்ரேனுக்குத் துணை நிற்போம் என்று அழகாகப் பேசினார். சபை கைதட்டி ஓய்ந்ததும் நடுவரிசையில் ஒரு சின்ன உருவம் எழுந்தது.

"சேர், லோடிங் டேற் என்ன?"

உறுப்பினருக்கு விளங்கவில்லை. வாகனங்களைக் கப்பலில் ஏற்றுகிற திகதியைக் கேட்கிறார் என்று பக்கத்தில் இருந்தவர் காதில் சொன்னார். அவர் சிரித்துக்கொண்டு, இதற்கெல்லாம் ஒரு நடைமுறை இருக்கிறது, அம்மா என்றார்.

"ஐ நோ புறோசெஸ், சேர். ஐ ஆம் ஷிப்பிங்."

மண்டபம் அதிர்ந்தது. அன்றைக்கு அவருக்குப் போர்த்திய பொன்னாடையைவிட அந்தக் கேள்விதான் அவருக்கு நினைவிருந்திருக்கும். ஏனென்றால் அதற்குப் பிறகு ஒவ்வொரு திங்கட்கிழமையும் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவருடைய அலுவலகத்துக்கு அக்காவின் தொலைபேசி போனது. எடுப்பது இங்கேயே பிறந்த ஒரு தமிழ்ப் பெண்பிள்ளை.

"பிள்ளை, நான்தான். கவசவாகனம் போயிட்டுதோ?"

"அன்ரி, ஸ்டில் நோ அப்டேற். ஐ ஆம் சோ சொறி."

"நீ ஏன் சொறி சொல்லுறாய்? அடுத்த கிழமை எடுக்கிறன்."

எத்தனை திங்கட்கிழமை என்று எனக்குக் கணக்கில்லை. ஒரு நாள் அந்தப் பிள்ளையே தானாக அக்காவை அழைத்தது. அக்கா போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தார். அவ்வளவு சத்தம்.

"அன்ரி! இற்ஸ் கோன்! ஃபர்ஸ்ட் பாட்ச் போயிட்டுது, அன்ரி!"

அக்கா போனை மேசையில் போட்டுவிட்டுக் கிடங்கு ஒலிபெருக்கியை நோக்கி ஓடினார். "போயிட்டுதாம்! முதல் தொகுதி போயிட்டுதாம்!" மொழி தெரிந்தவன், தெரியாதவன் எல்லோரும் ஃபோர்க்லிஃப்ட் ஹோர்னை அமத்தினோம். கூரை பறந்துவிடும் போலிருந்தது. மூச்சு வாங்கத் திரும்பி ஓடிவந்து, இன்னும் லைனில் நின்ற பிள்ளையிடம் கேட்டார்.

"போனது சரி. இறங்கினதோ?"

பிறகு வந்த காலத்தில் ஒரு நாடு தருவேன் என்றது, இன்னொரு நாடு தரலாமா என்று விவாதித்தது, மற்றொன்று வாக்கெடுப்பைத் தள்ளிவைத்தது. சாப்பாட்டு அறையில் ஆட்களுக்கு அலுத்துப்போனது. சிலர் தொலைக்காட்சியை ஹொக்கிக்கு மாற்றச் சொன்னார்கள். அக்கா யாரையும் திட்டவில்லை. திங்கட்கிழமை வந்தால் போனை எடுத்தார்.

இனி, அக்கா குளிர்க் கோட்டுகள் சேர்த்த விசயத்துக்கு வருகிறேன்.

எங்கள் அலுவலகத்தில் சுங்கப் பத்திரங்கள் பார்த்தவர் ஒக்சானா, உக்ரேனியப் பெண். அவருடைய தம்பி போர்முனையில் காயம்பட்டவர்களுக்குக் கட்டுப்போடுகிற படைவீரன். படையெடுப்பு தொடங்கிய பிறகு வந்த முதற் குளிர்காலம். ஒக்சானாவின் தேவாலயத்தில் இரத்தத்தை நிறுத்தக் கட்டுகிற பட்டிகள் சேர்த்திருந்தார்கள். போலந்துக்குப் போகிற ஒரு சரக்கு விமானத்தில் இலவசமாக இரண்டு தட்டு இடம் தருவதாக விமான நிறுவனத்தார் சொன்னார்கள். ஒரு தட்டுக்குப் பட்டிகள் போதும். மற்றதற்குக் குளிர்க் கோட்டுகள் கேட்டுத் தம்பி எழுதியிருந்தான். அந்த விமானத்தைத் தவறவிட்டால் அடுத்தது எப்போது என்று யாருக்கும் தெரியாது. அங்கே பனி கொட்டத் தொடங்கிவிட்டது.

"கோட் எங்கட சனம் தரும்" என்றார் அக்கா.

ஒக்சானாவுக்கு விளங்காமல் தமிழில் கேட்டேன்.

"அக்கா, எங்களுக்கு மேல குண்டு போட்ட மிக் விமானத்தை இலங்கை அரசாங்கம் எங்கயிருந்து வாங்கினது எண்டு தெரியுமோ? உந்த நாட்டிலயிருந்துதான். அவைக்கு நாங்கள் கோட் குடுக்கிறமோ?"

அக்கா சாப்பாட்டுப் பெட்டியை மூடினார்.

"எனக்குச் சொல்லித் தாறியோ? சத்தத்தை வைச்சே எந்த விமானமெண்டு சொல்லுவன். என்ர வீட்டுக் கூரை அதிலதான் போனது."

"பிறகு?"

"பிறகென்ன? விமானம் வித்தவன் ஆரோ. குளிருக்க நிக்கிறவன் ஆரோ. உலகம் எங்களுக்கு என்ன தந்தது, சொல்லு பாப்பம்? ஆழ்ந்த கவலை. பங்கருக்குள்ள இருந்து ரேடியோ கேட்டனாங்கள். ஒவ்வொரு நாடா ஆழ்ந்த கவலை தெரிவிச்சினம். கவலையை ஏத்தி இறக்கேலுமோடா? இவைக்கு எண்டாலும் சாமான் போகட்டும்."

"நான் ஒண்டும் தரமாட்டன்" என்று சொல்லிவிட்டு எழும்பிப் போனேன். அவர் சொன்னது சரி என்று தெரிந்ததால்தான் அவ்வளவு கோபம்.

கோவில் மண்டபத்தில் இரண்டு ஞாயிறு. நானூறுக்கு மேல் கோட்டுகள் வந்தன. தோய்த்து, மடித்து, சிலது ஸ்திரியும் போட்டு. எல்லாவற்றையும் அடுக்கி வலைபோட்டோம். அக்கா மூன்று தரம் தொங்கிப் பார்த்துவிட்டு விமான நிலையப் பரிசோதனைக்கு அனுப்பினார். விமானம் மாலையில். நான்கு மணிக்குள் எல்லாம் கையளித்திருக்க வேண்டும்.

காலை ஒன்பது மணிக்குப் பரிசோதகரின் அழைப்பு வந்தது. பட்டிகள் வைத்த தட்டில் குறையில்லை. கோட்டுத் தட்டைத்தான் ஊடுகதிரில் பார்த்தபோது உள்ளே குட்டிக் குட்டி உருளைகள் தெரிந்திருக்கின்றன. ஒரு கோட்டை இழுத்துப் பார்த்தால் உள்பொக்கற்றில் இரண்டு பற்றறி, ஒரு நெருப்புப்பெட்டி. அடுத்ததில் நாலு பற்றறியும் ஒரு லைற்றரும். அதற்கடுத்ததில் மெழுகுதிரி, நெருப்புப்பெட்டி. அறிவிக்காத தீப்பற்றும் பொருட்கள், ஏற்ற முடியாது என்று தட்டைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

ஒக்சானாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "யார் இதைச் செய்தது? ஏன்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

எனக்கு அந்த நிமிடமே புரிந்துவிட்டது. பொருளாதாரத் தடைக் காலத்தில் எங்கள் ஊரில் பற்றறிக்குத் தடை. நெருப்புப்பெட்டி, மெழுகுதிரி, சவர்க்காரம் எல்லாம் பவுண் மாதிரி. சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்ட சனம் நாங்கள். போர், குளிர், கோட் என்று கேள்விப்பட்டதும், வெறும் பொக்கற்றோடு ஒரு கோட்டைக் கொடுக்க ஒருவருக்கும் மனம் வரவில்லை. ஒருவரோடு ஒருவர் கதைக்காமல், அவரவர் வீட்டில் அவரவர், ஆளுக்கு இரண்டு பற்றறியும் ஒரு நெருப்புப்பெட்டியும் சொருகியிருக்கிறார்கள்.

ஒக்சானா கதிரையில் இருந்து தலையைப் பிடித்துக்கொண்டார். அக்கா சுவரில் மணிக்கூட்டைப் பார்த்தார், கோவில் மண்டபத்தில் கோட்டுகள் சேர்த்த பெண்மணிக்குப் போன் எடுத்தார்.

"வைச்சவையே வந்து எடுங்கோ. வான் பிடிச்சு வாங்கோ. இப்ப!"

பதினொரு மணிக்கு முன்னரே இரண்டு வான்கள் கிடங்கு வாசலில் நின்றன. நானூற்றொன்று நெடுஞ்சாலையில் ஸ்காபரோவிலிருந்து அந்த நேரத்துக்கு எப்படி வந்தார்கள் என்று நான் கேட்கவில்லை. பதினொரு பெண்கள். எல்லோருக்கும் மஞ்சள் அங்கி, பாதிப்பேருக்கு அது முழங்கால்வரை தொங்கியது. கிடங்கு நிலத்தில் கார்ட்போர்ட் விரித்து, கோட்டுகளைக் கொட்டி, ஊர் கூடித் தேர் இழுக்கிற மாதிரித் தொடங்கினோம்.

"பொக்கற்றோட விடாதேங்கோ! கொலரைத் தடவுங்கோ. கீழ்க்கரையைப் பாருங்கோ. எங்கட சனம் எங்க ஒளிக்குமெண்டு எனக்குத் தெரியும்!"

அவர் சொன்னது சரி. சோதனைச்சாவடிகளைத் தாண்டி வந்த கைகள் பழக்கதோசத்தில் வேலை செய்திருந்தன. அரைவாசிப் பற்றறி கரை மடிப்புக்குள் தைத்துக் கிடந்தது. ஒரு பெண் தான் கொடுத்த கோட்டை மூன்று தரம் தடவிவிட்டு, "நானே தைச்சனான், நானே காணேல்ல" என்று விழுந்து விழுந்து சிரித்தார். கிளிநொச்சிக்கார வயதான அம்மா ஒருவர் மட்டும் கோட்டை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு விடவில்லை.

"அங்க ஆமிக்காரன் பறிச்சான். இங்க நீ பறிக்கிறியோ?"

அக்கா அவருக்கு முன்னால் குந்தினார்.

"ஓம், அன்ரி. நான்தான் பறிக்கிறன். பறிக்காட்டி இந்தக் கோட்டும் போகாது, அந்தப் பெடியளுக்கு ஒண்டும் போகாது. தாங்கோ."

அவர் தந்தார். தரும்போது அக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை.

இரண்டு மணியளவில் "டேய்!" என்று ஒரு சத்தம். அக்கா ஒரு கறுப்புக் கோட்டை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றார். உள்ளே கழுத்துப் பட்டியில் மை கொண்டு எழுதிய என் பெயர்.

"உக்ரேனுக்கு ஒண்டும் தரமாட்டன் எண்டவர் உள்பொக்கற்றில நாலு பற்றறி வைச்சிருக்கிறார், எல்லாரும் வந்து பாருங்கோ!"

"பழைய கோட் அக்கா. எறியத்தான் இருந்தது."

"பற்றறி புதுசு, தம்பி. கவரும் கிழிக்கேல்ல."

மனைவியிடம் கொடுத்து, யார் கோட் என்று சொல்லாமல் மண்டபத்தில் போடச் சொன்னவன் நான்தான். பதினொரு பெண்களும் சிரித்தார்கள். ஒக்சானாவுக்கு யாரோ ஆங்கிலத்தில் விளங்கப்படுத்த, அவர் எழுந்து வந்து எல்லோருக்கும் முன்னால் என்னைக் கட்டிப்பிடித்தார். நான் அங்கிருந்த ஒரு பெட்டியை எடுத்துத் தேவையில்லாமல் வேறு இடத்தில் வைத்தேன்.

மூன்று இருபதுக்குக் கடைசிக் கோட். மூன்றரைக்கு வலை. அக்கா பிடித்துச் சாய்ந்தார். வலை ஒரு அங்குலம் இளகியது.

"அவிழுங்கோ."

"உங்களுக்கு விசரோ அக்கா? அரை மணித்தியாலம்தான் கிடக்கு!"

"இளகினது இளகினதுதான். அவிழு."

அவிழ்த்தோம். திட்டிக்கொண்டே அவிழ்த்தேன், திட்டிக்கொண்டே இறுக்கினேன், விரல் நகம் ஒன்று பிய்ந்தது. பெண்களும் வந்து வலையின் நுனிகளைப் பிடித்து இழுத்தார்கள். ஹோர்னை அமத்திய கையை எடுக்காமல் ஃபோர்க்லிஃப்டை வாசல் வரைக்கும் விட்டேன். லொறி ஓடியது. மூன்று ஐம்பத்தாறுக்குப் பரிசோதகரிடம் தட்டு நின்றது. ஊடுகதிரில் ஒன்றுமில்லை. ஏற்று என்றார். ஒக்சானா செய்தியைக் கொண்டு ஓடிவந்தபோது கிடங்கில் எழுந்த சத்தம் ஒரு தேர்த்திருவிழாவுக்குப் போதும். யார் யாரையோ கட்டிப்பிடித்தார்கள். கிளிநொச்சி அன்ரி ஒரு பெட்டிக்கு மேல் ஏறி நின்று கைதட்டினார்.

அக்காவுக்கு அது பாதிதான். அடுத்த நாள் போலந்தில் இறங்கியது என்றார்கள். "அது போலந்து" என்றார். லொறியில் ஏற்றியாயிற்று என்றார்கள். எல்லை தாண்டியது என்றார்கள். ஒவ்வொரு நாளும் ஒக்சானாவின் மேசைக்குப் போய் நின்றார். ஒக்சானாவும் ஒவ்வொரு நாளும் இன்னும் இல்லை என்று தலையை ஆட்டினார். ஒக்சானாவின் கண்ணுக்குக் கீழே கறுத்துப்போயிருந்தது. மூன்று நாளாகத் தம்பியின் போன் வேலை செய்யவில்லை என்று பிறகுதான் தெரிந்தது.

பன்னிரண்டாம் நாள் மதியம் ஒக்சானா சாப்பாட்டு அறைக்குள் ஓடிவந்தார். கையில் போன், திரையில் தாடி வைத்த ஒரு பெடியன். மெரூன் நிறத்தில், இடுப்பில் பட்டியோடு, எங்கள் பெண்களில் யாரோ கொடுத்த கோட்டைப் போட்டிருந்தான். பின்னால் நாலைந்து பேர், எல்லோரும் எங்கள் கோட்டுகளில். அறை முழுவதும் எழுந்து கத்தியது. நான் என் கறுப்புக் கோட்டைத் தேடினேன், படம் தெளிவில்லை.

அக்கா போனைப் பறித்தார். "பட்டன்! பட்டன் குளோஸ்! அப், அப்!" அவன் சிரித்துக்கொண்டு கழுத்துவரை பூட்டிக் காட்டினான். அக்கா அப்படியே கதிரையில் இருந்துவிட்டார். "இறங்கீட்டுது" என்றார். பிறகு வாய்விட்டு அழுதார். அத்தனை வருடத்தில் அவர் அழுது நான் பார்த்தது அந்த ஒருமுறைதான். எங்களில் பலருக்கும் அதே நிலைமை.

முகத்தைச் சுவெற்றர் கையால் துடைத்துவிட்டுத் திரையைப் பார்த்துக் கேட்டார்.

"நெக்ஸ்ற்? வாட் யூ நீட்?"

அவன் தன் மொழியில் நீளமாகச் சொன்னான். ஒக்சானா மொழிபெயர்க்கவில்லை. வாயைக் கையால் பொத்திக்கொண்டு அக்காவையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்னவாம்?"

"பற்றறி கேட்கிறான்" என்றார் ஒக்சானா. "தலையில் கட்டுகிற விளக்குக்கு. இருட்டில் காயம் கட்ட வேண்டியிருக்கிறதாம். அங்கே கிடைப்பதே இல்லையாம்."

எனக்கு யாரையாவது பிடித்து உலுப்ப வேண்டும் போலிருந்தது. அக்கா அதற்குள் தீப்பற்றும் பொருட்களை முன்கூட்டி அறிவிக்கிற பத்திரத்தைப் பொக்கற்றிலிருந்து உருவி மேசையில் விரித்து, பேனாவைத் திறந்துவிட்டார்.

"என்ன சைஸ் எண்டு கேள்."